குணமா, நிலைமையா?

1967-இல் சிகாகோவில் வாழ்ந்த புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் ஆட்டிசம் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வெறுங்கோட்டை'. யாரோடும் ஒட்டாமல், முகம் பார்க்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கும் குழந்தையை, மதிலை மட்டும் உயர எழுப்பிக்கொண்டு உள்ளே ஒன்றுமில்லாமல் நிற்கும் கோட்டையாக அவர் கண்டார்.

செஞ்சியில் பிறந்து வளர்ந்த யாரும் இந்த உவமையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் மதிலுக்கு வெளியே, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் பாளையம் இறங்கினார். முற்றுகை 1698 வரை நீண்டது. அத்தனை ஆண்டும் உள்ளே மராட்டியரின் அரசவை நடந்தது, குளத்தில் தண்ணீர் இருந்தது, களஞ்சியத்தில் தானியம் இருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது மராட்டிய அரசர் ராஜாராம் அங்கே இல்லை, தப்பிப் போயிருந்தார். மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. தனக்குத் தெரியவில்லை என்பதை 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று எழுதிவைத்ததுதான் பெட்டல்ஹைம் செய்த பெரும்பிழை.

அவரும் அடைபட்டுக் கிடந்தவர்தான். வியன்னாவில் பிறந்த யூதர். 1938-39-இல் டாஹாவ், பூகன்வால்ட் என்ற நாஜி முகாம்களில் கைதியாக இருந்தார். அங்கே மனம் ஒடுங்கிப் பேச்சற்றுப்போன மனிதர்களைக் கண்டவர், ஆட்டிசம் உள்ள குழந்தையிடமும் அதே ஒடுக்கத்தைக் கண்டதாக நினைத்தார். கைதியை ஒடுக்கியவர் காவலர். அப்படியானால் குழந்தையை ஒடுக்கியது யார்? பாசமற்ற தாய் என்றார். அந்த ஒரு தீர்ப்பால் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குற்றவாளிகளாக வாழ்ந்தார்கள். 1964-இலேயே பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தம் மகனுக்கே ஆட்டிசம் இருந்ததால் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து, இது நரம்பு மண்டலத்தில் தொடங்குவது, தாயின் பாசத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கு மிகப் பெரிது என்று உறுதி செய்தன. ஆனாலும் பழைய தீர்ப்பு உருமாறி நம் தெருக்களில் உலவிக்கொண்டேதான் இருக்கிறது. "பெத்தவ வேலைக்குப் போயிட்டா, புள்ள இப்படி ஆயிடுச்சு." "செல்போனக் குடுத்துக் குடுத்தே கெடுத்தாங்க." சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆய்வாளர்களிடையே தாயின் மேல் இருந்த பழி நீங்கியபின், குறை முழுக்கக் குழந்தையின் தலைக்குள் போய் உட்கார்ந்தது. 1985-இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் மூவரும் ஒரு பொம்மைச் சோதனை நடத்தினார்கள். ஸாலி கோலியைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறாள். ஸாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது ஸாலிக்குத் தெரியாது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் ஆட்டிசத்தில் குறைவு என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. ஆய்வகத்தில் கவனமாகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் பொதுமக்கள் வாய்க்கு வந்தபோது, 'ஆட்டிசக்காரர்களுக்கு அடுத்தவர் மேல் இரக்கம் கிடையாது' என்று ஆகிவிட்டது. இதைவிடக் கொடிய தீர்ப்பு ஒரு மனிதர்மேல் விழ முடியாது என்பது என் எண்ணம். ஊகிக்க முடியாமல் போவதும் இரங்காமல் இருப்பதும் வேறு வேறு. அம்மா அழுவது எதற்கு என்று புரியாத பிள்ளைக்கும் அம்மா அழுகிறாள் என்பது நெஞ்சைப் பிசையும்.

இருபத்தேழு ஆண்டு கழித்து ஒருவர் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். டேமியன் மில்டன், பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர், ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. 2012-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: இருவர் பேசும்போது ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் போனால், அது இருவருக்கும் இடையே நடந்த சிக்கல். ஒருவரிடம் மட்டும் 'குறைபாடு' என்று பெயர் எழுதிவிட்டு மற்றவரைத் தேர்வுக்கே உட்படுத்தாமல் விடுவது என்ன நியாயம்? ஆட்டிசம் உள்ளவர் மற்றவரின் மனத்தைத் தவறாக ஊகிக்கிறார், சரி. மற்றவர் ஆட்டிசம் உள்ளவரின் மனத்தைச் சரியாக ஊகிக்கிறாரா என்று யாராவது சோதித்தார்களா? இதற்கு அவர் இட்ட பெயர் டபுள் எம்பதி பிராப்ளம். தமிழில் இருபுறப் புரிதல் சிக்கல் எனலாம்.

அதன்பிறகு சோதித்தார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், திரையில் இரண்டு முக்கோணங்களை நகர்த்தி 'கேலி செய்வது', 'மயக்கிப் பேசுவது' போன்ற காட்சிகளை உருவாக்கச் சொன்னார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் செய்த காட்சிகளை ஆட்டிசம் இல்லாதவர்கள் எளிதாகக் கண்டுபிடித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தவற்றைப் பார்த்தபோது அதே ஆட்டிசம் இல்லாதவர்கள் தடுமாறினார்கள். அதே ஆண்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியில் பார்த்தார்கள். ஒருவரிடம் நகைச்சுவை சொல்வது, பாராட்டுவது, காக்க வைப்பது என்று ஏதோ ஒன்றைச் செய்து அவர் முகத்தை மட்டும் படம்பிடித்து, "இவருக்கு என்ன நடந்திருக்கும்?" என்று மற்றவர்களிடம் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் முகங்களில் ஊகம் அதிகம் தவறியது. அந்த முகங்களில் உணர்ச்சி குறைவாக இருந்ததா என்றால், இல்லை. பார்த்தவர்களே அவை உணர்ச்சியைக் காட்டுவதாகத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். என்ன உணர்ச்சி என்பதைத்தான் படிக்க முடியவில்லை. இதைத் தொடர்ந்து 2019-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: எந்த முகத்தைப் படிக்க முடியவில்லையோ, அந்த முகத்துக்குரியவரைப் பற்றிய மதிப்பீடும் மோசமாகவே இருந்தது.

புரியாதது பிடிக்காததாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? நோவா சாஸன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 2017-இல் காட்டியபடி, சில வினாடிகள் போதும். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சின்னஞ்சிறு காணொளித் துண்டுகளைப் பார்த்தவர்கள், யாருக்கு ஆட்டிசம் என்று தெரியாமலே, ஆட்டிசம் உள்ளவர்களோடு பேசிப் பழக விருப்பம் குறைவு என்றார்கள். பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பேச்சில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கத்திலும் கையின் அசைவிலும் பார்வை போன திசையிலும்தான் தீர்ப்பு எழுதப்பட்டது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கூடும் செஞ்சி ஆட்டுச்சந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ முந்தைய வாரமென்றால் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு வியாபாரி, ஓர் இளைஞன். அவனுக்கு ஆட்டிசம் உண்டு, அது அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

"எவ்ளோண்ணே?"

"பன்னெண்டு தம்பி. பல்லப் பாரு, ஜோரான கெடா."

"பத்துதான் இருக்கு."

"சரி, நீ வந்துட்ட, பதினொன்னு குடுத்துட்டு ஓட்டிட்டுப் போ."

பையன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடக்கிறான். பத்து இருக்கிறது என்றான், பத்துக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது. வியாபாரிக்கோ பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு என்பது விலையே இல்லை, உட்கார்ந்து பேசலாம் வா என்ற அழைப்பு. அழைப்பை மதிக்காமல் முதுகு காட்டிப் போகிறவனைப் பார்த்து அவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்: "ஒரு வார்த்த பேசுறானா பாரு, என்னா திமிரு!" பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறான்: "அவரு பொய் வெல சொல்றாரு. ஏமாத்துக்காரரு." இருவரும் அன்று காலை எந்தத் தப்பும் செய்யவில்லை. இருவருடைய குணத்தின் மேலும் ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டது.

ஒருவர் செய்ததை அவர் குணத்தின் தலையில் கட்டுவது மனித மூளையின் பழைய வழக்கம். சமூக உளவியலில் இதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்கிறார்கள். 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் மாணவர்களிடம் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவரின் விருப்பம் அல்ல, அவருக்கு விதிக்கப்பட்டது என்று தெளிவாகச் சொன்னபிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளத்திலும் காஸ்ட்ரோ ஆதரவாளர்தான் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். நிலைமை கண்ணெதிரே சொல்லப்பட்டும் குணமே முன்னால் வந்து நின்றது.

ஆனால் இது எல்லா ஊரிலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்று காட்டிய ஆய்வு நமக்குப் பக்கத்தில் நடந்தது. ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் சிகாகோவைச் சேர்ந்தவர்களும் மைசூரைச் சேர்ந்தவர்களும் தாங்கள் அறிந்தவர்கள் செய்த நல்லதையும் கெட்டதையும் சொல்லி, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளக்கினார்கள். சிறு பிள்ளைகளிடம் இரு ஊருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் குணத்தைக் காரணம் காட்டுவது கூடியது, மைசூர்க்காரர்கள் நிலைமையைக் காரணம் காட்டுவது கூடியது. மைசூரில் ஒருவர் சொன்ன சம்பவம் இது: ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்சக்கரம் வெடித்து, பின்னால் இருந்தவர் கீழே விழுந்து அடிபடுகிறார். வக்கீல் அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். அடிபட்டவர் பின்னர் இறந்துபோகிறார். இதைக் கேட்ட அமெரிக்கர்கள் அவரைப் பொறுப்பற்றவர் என்றார்கள். மைசூர்க்காரர்கள், கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டியது அவர் கடமை, பதற்றத்தில் இருந்திருப்பார், அடி பலமானது என்று தெரியாமல் இருந்திருக்கும் என்றார்கள்.

இது நம் வீடுகளில் தினமும் கேட்கிற பேச்சு. கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்றால் "அவருக்கு என்ன கஷ்டமோ" என்பார்கள். கல்யாணத்துக்கு வராத உறவினருக்காக, "அவங்க வீட்ல என்ன நெலமையோ" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பிறர் நிலைமையை நினைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணில் ஊறியது. அப்படியிருந்தும் ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று வரும்போது மட்டும் அது ஏன் கைவிட்டுப் போகிறது?

எனக்குத் தோன்றும் காரணம் எளிது. பஞ்சம், நோய், கடன், சாவு, சண்டை எல்லாம் நாம் அறிந்த நிலைமைகள். ஆட்டிசம் உள்ளவரின் நிலைமை அவர் தோலுக்கு அடியில், நரம்புக்குள் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கை கால் நன்றாக இருக்கிறது, படிக்கிறான், கணக்கில் சூரன். நிலைமை என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாததால் மிச்சம் இருப்பது குணம் ஒன்றுதான். திமிர், தலைக்கனம், செல்லம் கொடுத்துக் கெட்டது, வளர்ப்பு சரியில்லை. நம் மொழியில் குணத்துக்குச் சொற்கள் ஏராளம்.

அந்த நிலைமை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். அமாவாசை நாளில் செஞ்சிப் பேருந்து நிலையம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டம், சிறப்புப் பேருந்துகள், ஏர் ஹாரன், நடத்துநர் குரல், டீக்கடை ஒலிபெருக்கி, எங்கோ பம்பை, உடுக்கை, கற்பூரப் புகை, எண்ணெய்ப் பலகாரத்தின் வாசம், இடித்துக்கொண்டு ஓடும் தோள்கள். பெரும்பாலோரின் மூளை இதில் முக்கால்வாசியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஏற வேண்டிய பேருந்தின் பெயர்ப்பலகையை மட்டும் முன்னால் கொண்டுவரும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தப் பின்னுக்குத் தள்ளும் வேலை அவ்வளவு நன்றாக நடப்பதில்லை. எல்லா ஓசையும் ஒரே உரப்பில், ஒரே நேரத்தில் உள்ளே வரும். உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். புலனுணர்வின் இந்த வேறுபாடு 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக முறைப்படி சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பும் அது குழந்தைகளின் காதுக்குள் இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து வீறிடும் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "அடிச்சு வளக்கணும்" என்கிறது சுற்றி நிற்கும் கூட்டம். அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. வலியில் இருக்கிறான்.

அடுத்தது கண். "பேசறப்ப மூஞ்சியப் பாருடா" என்று சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களைக் கண்களின் பகுதியையே பார்க்கச் செய்தபோது, மூளையில் அச்சத்தோடும் எச்சரிக்கையோடும் தொடர்புடைய உட்பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கியதை நூஷின் ஹாஜிகானி குழுவினர் 2017-இல் படம்பிடித்துக் காட்டினார்கள். பார்வையை விலக்குவது அக்கறையின்மையால் அல்ல, பேச்சைக் கேட்பதற்காகவே பலர் அப்படிச் செய்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே ஊர்களில் பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு. குனிந்த தலை பணிவுக்கு அடையாளம். இன்று நேர்முகத் தேர்வில் அதே குனிந்த தலைக்கு மதிப்பெண் போய்விடுகிறது. ஊர் மாற்றிக்கொண்ட வழக்கத்தை வைத்து ஒரு மனிதனின் நேர்மையை அளக்கிறோம்.

மூன்றாவது, மௌனம். தான்யா ஸ்டிவர்ஸும் பிறரும் உலகின் 10 மொழிகளில் உரையாடலை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 0.2 வினாடிதான் இடைவெளி. இந்தத் தாளம் கொஞ்சம் பிசகினாலும் தயங்குகிறார், மறைக்கிறார், மதிக்கவில்லை என்று கேட்டவர் மனம் முடிவு கட்டிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கேள்வியை வாங்கி, பொருள் பார்த்து, பதிலைச் சொற்களாக்க இன்னும் சற்று நேரம் வேண்டும். அந்த நேரம் முடிவதற்குள் நாம் கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டுவிடுகிறோம். அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தன் உணர்ச்சிக்கே பெயர் சொல்லத் தெரியாத நிலை ஒன்றும் உண்டு. அலெக்ஸிதைமியா என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது காணப்படுகிறது. மற்றவர்களிடம் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். சாவு வீட்டில் அழாமல் நின்று, மூன்று நாள் கழித்துக் காரணம் தெரியாமல் காய்ச்சலில் விழும் மனிதரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது!

இதுவரை சொன்னது ஒரு பக்கம். ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்கள்மேல் எழுதும் தீர்ப்பும் சில நேரம் கடுமையானது. "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றார் பக்கத்துத் தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் முகம் சுளிக்கிறார். "நாளைக்குத் தந்துடறேன்" என்றவர் தரவில்லை. "சேலை நல்லாருக்கு" என்று எதிரில் சொன்னவர் பின்னால் வேறு சொல்கிறார். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இந்த ஊரே பொய்யர்களால் நிரம்பியதாகத் தெரியும். நடிப்பவர்கள், வேஷக்காரர்கள், நம்பத் தகாதவர்கள் என்று மனத்தை மூடிக்கொள்வார்.

இதுவும் நிலைமையைக் குணமாக எடுத்துக்கொள்வதுதான். ஒரு சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருடைய முகத்திலும் மறுநாள் விழித்தாக வேண்டும். ஏரிப் பாசனத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் "இல்லை" என்று சொன்னால் உறவு அறுந்துபோகும் என்பதால், இல்லை என்பதை நோகாமல் சொல்லப் பல வழிகளை வைத்திருக்கிறார்கள். "பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். கேட்பவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வார், அதனால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. வழி தெரியாதவர் மட்டுமே ஏமாறுகிறார். அவருக்கு அந்த வழியை யாராவது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால், பொய் என்று தோன்றியதில் இருக்கும் தயவு அவருக்கும் புலப்படும்.

இருபுறமும் தவறு நடக்கிறது என்பதால் இருபுறமும் ஒரே விலை கொடுக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர். அவர் தவறாக எடைபோட்டால் வியாபாரிக்கு ஒரு பேரம் போகும். நூறில் தொண்ணூற்றொன்பது பேர் அவரைத் தவறாக எடைபோட்டால், அவருக்கு வேலை, நட்பு, கல்யாணம், வகுப்பில் பக்கத்து இருக்கை எல்லாம் போகும். அதனால் பலர் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள், சிறப்பாகப் பெண்கள். சிரிக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் பார்த்துச் சிரிப்பது, கண்ணுக்குப் பதிலாகப் புருவத்தைப் பார்ப்பது, அரிக்கும் சட்டையைப் பொறுத்துக்கொள்வது. நாள் முழுக்க இப்படி நடிப்பது மனச்சோர்வோடும் தற்கொலை எண்ணங்களோடும் தொடர்புடையது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா? 2020-இல் கேத்தரின் குரோம்ப்டன் எடின்பரோவில் நடத்திய ஆய்வு அப்படி ஒரு நம்பிக்கையை எழுப்பியது. ஒருவர் காதில் சொன்ன கதை எட்டுப் பேர் வழியாகக் கடந்து வரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் ஒரே அளவில் கதையைக் காப்பாற்றின. கலந்திருந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. ஆனால் அதே குழுவினர் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு இதை மறுபடி செய்து 2025-இல் வெளியிட்டபோது, மூன்று வகை வரிசைகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. அறிவியல் இப்படித்தான் நகரும், முதல் முடிவைத் தன் கையாலேயே திருத்தும். எனக்கு இரண்டாவது முடிவு மனத்துக்கு இதமாகவே இருக்கிறது. கலந்த வரிசையிலும் செய்தி கடந்து போகும் என்றால், நாம் இரண்டு தனி இனங்கள் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவரை ஒருவர் பிடிக்காமல் போவதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இவ்வளவும் பேசத் தெரிந்தவர்களின் கதை. பேச்சே வராத, தன்னையே அடித்துக்கொள்ளும், கதவு திறந்திருந்தால் ஓடிவிடும் பிள்ளைகள் உண்டு. செஞ்சியைச் சுற்றியுள்ள மல்லாட்டைக் கொல்லைகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளைப் பார்த்தவருக்கு, அந்தத் தாய் ஏன் பகலிலும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள் என்பது புரியும். "புள்ளையப் பூட்டி வெக்கிறா" என்று அவள்மேலும் தீர்ப்பு உண்டு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், காத்து கருப்பு ஏதாவது இருந்தால் அம்மன் நீக்கட்டும் என்று நிற்கிறவளைப் படித்தவர்கள் மூடநம்பிக்கைக்காரி என்கிறார்கள். அவள் நிலைமையையும் கேட்க வேண்டாமா? பிள்ளை பேசவில்லை என்று சொன்ன இடத்திலெல்லாம் "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று திருப்பி அனுப்பப்பட்டவளாக இருப்பாள். யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' போன்ற புத்தகங்கள் தமிழில் வந்திருக்கின்றன. எழுதியவர் தம் பிள்ளையோடு வாழ்ந்து கற்றதை எழுதியவர். அவை அவள் கைக்கு வந்திருக்காது.

அரசு வழியில் சில கதவுகள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பார்க்க வேண்டும். சந்தேகப்படும் பிள்ளைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாக ஏற்கிறது. சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம். அந்த நாற்பதில் முதல் கேள்வியே பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா என்பதுதான். சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகையும் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்காது, ஆகவே அந்த அளவுகோல் வேண்டியதுதான். ஆனால் அது பிள்ளையை மட்டும் அளக்கிறது. வகுப்பறை எவ்வளவு சத்தம், ஆசிரியர் பதிலுக்கு எத்தனை வினாடி காத்திருக்கிறார் என்று அளக்க நம்மிடம் தாள் ஒன்றும் இல்லை.

சாஸன் 2019-இல் கெர்ரியன் மோரிசனோடு செய்த இன்னோர் ஆய்வு இங்கே பயன்படும். காணொளியில் இருப்பவருக்கு ஆட்டிசம் என்று முன்கூட்டியே சொன்னபோது, பார்த்தவர்களின் முதல் மதிப்பீடு மேம்பட்டது. பார்ப்பவருக்கு ஆட்டிசம் பற்றி ஏற்கெனவே எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு மதிப்பீடும் நன்றாக இருந்தது. நிலைமை என்னவென்று தெரிந்துவிட்டால் குணத்தைத் தேடிப் போக வேண்டிய தேவை குறைகிறது. சந்தைக்கு வந்த பையன் "அண்ணே, எனக்குப் பேரம் பேச வராது, கடைசி வெலய நேரா சொல்லிடுங்க" என்றால் எந்த வியாபாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன். நம் பக்கத்து மனிதர்களை எனக்குத் தெரியும். ஒருவேளை ஐந்நூறு குறைத்தும் கொடுப்பார்.

ஆனால் சொல்வதென்பது அவ்வளவு எளிதல்ல. பையனுக்கு ஆட்டிசம் என்று ஊருக்குத் தெரிந்தால், அவன் தங்கையைப் பெண் பார்க்க வருபவர்கள் இரண்டாம் முறை வர மாட்டார்களே என்று வீடு அஞ்சுகிறது. சொல்லாமல் விட்டால் அவன் திமிர் பிடித்தவன். சொன்னால் அவள் ஆட்டிசக்காரன் தங்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ வீடுகள் வாய் திறக்காமல் இருக்கின்றன. அவர்களிடம் போய் "மறைக்காதீர்கள், வெளிப்படையாகச் சொல்லுங்கள்" என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அந்தப் பையனும் அவன் வீட்டாரும் முடிவு செய்ய வேண்டியது. மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு யாருடைய நோய்ப்பெயரும் தேவையில்லை: பதில் வராத அந்தச் சில வினாடிகள் காத்திருப்பது, வந்த பதில் நேரடியாக இருந்தால் அதை நேரடியாகவே எடுத்துக்கொள்வது, காதைப் பொத்தும் பிள்ளையைக் கண்டால், தாயிடம் அறிவுரை சொல்வதற்கு முன் டீக்கடைக்காரரிடம் போய் அந்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வது.